உரிமம் பெற்ற வாய்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் சித்தி கடையில் பொத்தான் துளைதான். காலையிலிருந்து மாலை வரை வெள்ளைச் சட்டை. கண்ணை மூடினால்கூட வெள்ளையாகத் தெரிகிறது.

வீட்டுக்கு வந்தால் அம்மா கண்ணாடி முன் நின்று கையால் பேசிக்கொண்டிருந்தாள். நாளை மறுநாள் விசாரணை, அதற்கு ஒத்திகை. அம்மாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. ஆனால் கை இருக்கிறதே, பத்து வாய்க்குச் சமம். கதவோரம் நின்று பார்த்தேன். ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடும் பெரிய உருளை மிஷினை அம்மாதான் ஓட்டுவாள். மறுபக்கம் துணியை வாங்கிக்கொள்ள ஒருத்தி நிற்பாள். அங்கே ஏதாவது சிக்கினால் அவள் பொத்தானை அழுத்த வேண்டும். மணி அடிக்கும், அம்மாவுக்காக ஒரு சிவப்பு விளக்கும் எரியும். அந்த விளக்கு கெட்டுப்போயிருந்தது. புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு அது தெரியாது. பொத்தானை அழுத்தினாள், மணி அடித்தது, மிஷின் நின்றுவிடும் என்று நம்பிக் கையை உள்ளே விட்டாள். இரண்டு விரல் போய்விட்டது.

அம்மாவை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பெண்ணின் காலடியில் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

“நீயே கூடப் போய்ப் பேசுடி. பொறந்ததுல இருந்து உங்கம்மாவுக்கு நீதானே வாய்,” என்கிறாள் சித்தி. நானா? அளவு கொடுக்க வருகிறவரிடம் “உட்காருங்க” என்று சொல்லவே எனக்கு வராது.

மார்ச் 5

அங்கே சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. எழுதவாவது செய்கிறேன்.

தொழிலாளர் அலுவலகத்தில் ஒரு சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் விசாரணை அதிகாரி அம்மா, மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார். சலவைக்கூட மேற்பார்வையாளர் சுவரோரம் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அம்மா பக்கத்தில் போய் நின்றேன்.

“யாரும்மா நீ?”

“மக.”

“பேசறதுக்கு லைசென்ஸ் வச்சிருக்கியா?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“வயசு?”

“பதினேழு.”

“படிப்பு?”

“எட்டாவது.”

“பதினெட்டு ஆகணும், பத்தாவது தேறணும், எழுத்துப் பரீட்சை ஒண்ணு, செய்முறைப் பரீட்சை ஒண்ணு. அதெல்லாம் இருந்தாலும் சொந்தக்காரங்களுக்குப் பேசக் கூடாது. பின்னாடி போய் உக்காரும்மா.” கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

பிறகு அவன் வந்தான். உரிமம் பெற்ற சைகை மொழிபெயர்ப்பாளன். இந்த மாவட்டத்துக்கே ஒருத்தன்தான். அம்மா மாதிரி காது கேளாதவர்கள் யாரையும் நிஜப் பெயரால் கூப்பிட மாட்டார்கள். ஆளைப் பார்த்து ஒரு சைகைப் பெயர் வைத்துவிடுவார்கள். இவனுக்கு மணிக்கட்டில் இரண்டு தட்டு. கைக்கடிகாரம். எப்போதும் அதையே பார்ப்பானாம். இன்றும் பார்த்தான். சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று உறுதிமொழி எடுக்கும்போதே பார்த்தான்.

விளக்கு எரியவில்லை என்று தெரிந்தும் ஓட்டினீர்களா? இதுதான் கேள்வி.

அம்மா கையைத் தூக்கினாள். ‘தெரியும். அது கெட்ட அன்னைக்கே சூப்பர்வைசரைக் கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போய்க் காட்டினேன். மறுநாள் மறுபடி காட்டினேன். அதுக்கும் மறுநாள் மிஷினையே நிறுத்திட்டேன். அவர் வந்து அவரே சுவிட்சைப் போட்டார். ஓட்டு, இல்லன்னா வீட்டுக்குப் போன்னு வாசலைக் காட்டினார். புதுப் பொண்ணுகிட்டே சொல்லுங்கன்னு நான் சைகை காட்டினேன். சொல்றேன்னு தலையாட்டினார்.’

அவன் அம்மாவின் கையைப் பார்த்தான். கடிகாரத்தைப் பார்த்தான். அதிகாரி அம்மாவிடம் சொன்னான்: “தெரியும். தெரிஞ்சுதான் ஓட்டினேன்.”

அவ்வளவுதான். அவ்வளவேதான்!

அந்தம்மா எழுதிக்கிட்டாங்க. மேற்பார்வையாளர் காலாட்டறதை நிறுத்திட்டு சிரிச்சார். நான் எந்திரிச்சேன். அந்தம்மா நிமிந்து பாத்தாங்க. எனக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. திரும்ப உக்காந்துட்டேன். சீ.

வெளியே வந்ததும் அம்மா முகமெல்லாம் வெளிச்சம். “நல்லாச் சொன்னேன்ல? ஒண்ணு விடாம அந்தம்மாவுக்குப் போச்சுல்ல?”

நான் கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

மார்ச் 6

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இரண்டு சாப்பாட்டுத் தட்டு உடைந்தது. மூன்றாவதை நான் உடைத்தேன்.

அவனை விடமாட்டேன்.

மார்ச் 12

உரிமம் கொடுக்கும் கவுன்சில் அலுவலகத்துக்குச் சித்தியோடு போனேன். பேசியது சித்திதான். குமாஸ்தா நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார்.

“புகாருக்கு ஆதாரம்?”

“இவ கண்ணால பாத்தாளே,” என்றாள் சித்தி.

“அவங்க மகள். மகள் பாத்தது செல்லாதும்மா. விசாரணைப் பதிவு இருக்கா?”

பதிவு இருக்கிறது. டைப் அடித்த தாள். அதில் அம்மா பேசியதாக இருப்பதெல்லாம் அவன் வாய் பேசியது. அம்மாவின் கை அதில் எங்கும் இல்லை. காற்றில் எழுதிக் காற்றோடு போனது.

“கையைப் படம் புடிக்கணும்னு முன்கூட்டியே எழுதிக் குடுத்திருந்தா கேமரா வச்சிருப்பாங்க. நீங்க கேக்கலை. நாங்க என்ன பண்றது?” மொழிபெயர்ப்பாளர் விதிகள் அச்சிட்ட ஒரு சின்னப் புத்தகத்தைக் கொடுத்து அனுப்பினார்.

“செவிடன் காதுல ஊதின சங்குதான் போ,” என்று படியிறங்கும்போது சித்தி சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள். “உங்கம்மாகிட்ட சொல்லிடாதே.” அம்மாவுக்கு அந்தப் பழமொழி தெரியும். சங்கு ஊதுகிறவனுக்குத்தான் அறிவில்லை, ஒரு கொடியை ஆட்டியிருக்கலாமே என்பாள்.

மார்ச் 13

புத்தகத்தில் ஏழாவது விதி: அறையில் சொல்லப்படும் எதையும் மொழிபெயர்ப்பாளர் விடக் கூடாது, தன்னைப் பற்றியதாக இருந்தாலும், தன்னை இழிவுபடுத்துவதாக இருந்தாலும்.

கடைசிப் பாதியை நான்கு தரம் படித்தேன். மிட்டாய் மாதிரி இருந்தது.

மார்ச் 15, ஞாயிறு

சங்கத்துக்குப் போனோம். காது கேளாதோர் சங்கம் என்று பலகை. உள்ளே நாற்பது பேர் ஒரே சமயத்தில் பேசுவார்கள். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். அங்கே எனக்குக் கூச்சமே கிடையாது. கையால் பேசும்போது நான் வேறு ஆள்.

தலைவருக்குப் பெயர் மீசை. மேலுதட்டை முறுக்கிக் காட்ட வேண்டும். அவர் மீசையை எடுத்துப் பல வருடம் ஆகிறது. இருந்தாலும் மீசைதான். சைகைப் பெயர் ஒட்டினால் ஒட்டியதுதான். பேரப்பிள்ளைகள் வரைக்கும் வரும்.

அதுதான் எனக்கு யோசனை தந்தது.

எல்லாருக்கும் நடுவில் ஸ்டூலில் ஏறி நின்று நடந்ததை நடித்துக் காட்டினேன். அம்மாவின் கை, அவன் கண், கடிகாரம். அம்மா சொல்லச் சொல்ல நான் அவனாக நின்று, காற்றிலிருந்து ஒவ்வொரு வாக்கியமாகக் கிள்ளி வாயில் போட்டு, மடக்கென்று விழுங்கி, உதட்டைத் துடைத்துக்கொண்டேன். கடைசியில் வயிற்றைத் தடவி ஏப்பம் விட்டேன்.

சங்கமே மேசையைத் தட்டிச் சிரித்தது. சிரித்து முடித்ததும் ஒவ்வொருவராக ஆரம்பித்தார்கள். “எனக்கும் ஆஸ்பத்திரில அப்படித்தான்.” “பேங்க்ல நான் அவ்வளவு சொன்னேன், அவன் ‘சரிங்கறார்’னு முடிச்சுட்டான்.” மீசை எழுந்து மணிக்கட்டில் இரண்டு தட்டுத் தட்டி, அதைக் கையால் அழித்தார். பிறகு கிள்ளினார், வாயில் போட்டார், விழுங்கினார்.

இனி அவன் பெயர் விழுங்கி.

வரும்போது பேருந்தில் அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. இனித்தது.

மார்ச் 29

விழுங்கிக்கு விஷயம் தெரிந்துவிட்டது!

ஆஸ்பத்திரி வரிசையில் எங்கள் சங்கத்துத் தச்சர் யாரிடமோ அந்தச் சைகையைக் காட்டியிருக்கிறார். இவன் சிரித்துக்கொண்டே போய் “யாரு அது? புது ஆளா?” என்று கேட்டானாம். வரிசையில் நின்ற அத்தனை பேரும் அவனைப் பார்த்துக் கையை நீட்டினார்களாம். தச்சர் இதைச் சொல்லும்போது கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

ஒரு பெயரைச் சுமந்து திரிவது எப்படி இருக்கும் என்று தெரியட்டும். அம்மாவும் இப்போது ஒன்றைச் சுமக்கிறாள்: தெரிந்தே விரலை எடுத்தவள்.

ஏப்ரல் 9

தீர்ப்பு வந்தது. “இயந்திரப் பணியில் அமர்த்தத் தகாதவர்.” ஓட்டலில் மட்டுமல்ல, எங்கேயும்.

அம்மா அதை என்னைச் சொல்லச் சொல்லி இரண்டு முறை பார்த்தாள். பிறகு எங்கள் கட்டில் விரிப்பை எடுத்து உதறி, மடித்து, உதறி, மடித்து... மூலைக்கு மூலை சரியாக. இருபது வருஷமாக அந்த மிஷின்தான் அவளுக்கு. வீட்டில் என்னை அதட்டுகிறவள், அங்கே போனால் ராணி மாதிரி நிற்பாள். நானே பார்த்திருக்கிறேன்.

மேல்முறையீடு செய்யலாம் என்று கடைசி வரியில் இருந்தது.

ஏப்ரல் 14

மேல்முறையீட்டுக்கும் விழுங்கிதான் வருவான். மாவட்டத்தில் வேறு ஆள் இல்லை. வேண்டாம் என்று ஆட்சேபிக்கலாம். வெளியூர் ஆள் வர நாளாகும்.

சித்தி ஆட்சேபிக்கலாம் என்றாள். நான் வேண்டாம் என்றேன்.

“ஏண்டி? அவன் திரும்பவும் முழுங்குவான்.”

“முழுங்கட்டும். இந்தத் தடவை கேமரா கேட்டு எழுதிக் குடுத்தாச்சு.” சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. “அம்மா முதல் வாக்கியமே அவனைப் பத்திச் சொல்லுவாங்க. இந்த ஆள் போன தடவை முழுங்கிட்டான்னு. அதை அவன் வாயாலேயே அவன் சொல்லணும். சொன்னா மானம் போச்சு. சொல்லலைன்னா கேமராவுல மாட்டிப்பான், லைசென்ஸ் போச்சு.”

சித்தி கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். “ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க. இத்தனை நாளா உன்னை அப்பிராணின்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்.”

மே 2

ஒத்திகை. அம்மா விளக்கிலிருந்து ஆரம்பிக்கிறாள். நான் கையைப் பிடித்து நிறுத்துகிறேன். முதலில் விழுங்கி, பிறகு விளக்கு.

“வெளக்குதானேடி முக்கியம்?”

“அதுவும் வரும்மா. முதல்ல அவன்.”

அவன் முகம் எப்படிப் போகும் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். இன்றைக்கு ஒரு சட்டைக்குப் பொத்தான் துளையைத் தப்பான பக்கம் போட்டுவிட்டேன்.

மே 7

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கேமரா இருந்தது. சங்கத்திலிருந்து மீசை, தச்சர், இன்னும் ஏழெட்டுப் பேர் முதல் வரிசையில் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். விழுங்கி உள்ளே வந்ததும் அத்தனை கண்ணும் அவன் மேல். உறுதிமொழி எடுத்தான். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கழற்றிவிட்டு வந்திருந்தான்.

அம்மா ஆரம்பித்தாள். கிள்ளினாள், வாயில் போட்டாள், விழுங்கினாள்.

அவன் முதல் வரிசையைப் பார்த்தான். சொல்லு. சொல்லுடா.

சொன்னான். ஒரு சொல் விடாமல். “போன தடவை இதே நாற்காலியில நான் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் முழுங்கிட்டார். என் கை ஒரு பக்கம் பேசினது, அவர் வாய் ஒரு வரி பேசினது. அவர் உறுதிமொழி எடுத்துட்டுப் பொய் சொன்னவர்.”

அதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றினார். “பதிவுக்காகக் கேக்கறேன், எந்த மொழிபெயர்ப்பாளர்?”

“நான்தான் மேடம்.”

அந்த நொடி எனக்கு எவ்வளவு இனித்தது என்று எழுத வெட்கமாக இல்லை. முதல் வரிசையில் யாரோ தொடையைத் தட்டினார்கள். மேற்பார்வையாளர்கூட வாயைப் பிளந்துகொண்டிருந்தார்.

அப்புறம் அவன் எழுந்து நின்றான். “பதினோராவது விதி மேடம். மொழிபெயர்ப்பாளர் மேலயே குற்றச்சாட்டு வந்தா, அந்த விசாரணையில அவர் தொடரக் கூடாது. நான் வெளியே போகணும்.” அதையும் அம்மாவுக்குக் கையால் சொன்னான். போய்விட்டான்.

பதினொன்று. நான் ஏழோடு நிறுத்திவிட்டேன்.

அதிகாரி அம்மா கையை விரித்தார். உரிமம் பெற்ற வேறு ஆள் கிடைக்கும் வரை ஒத்திவைப்பு. எப்போது என்று சொல்ல முடியாது. அதுவரை பழைய தீர்ப்பு அப்படியே இருக்கும். மீசை எழுந்து, கேமராவில் இருப்பதை வெளியூர் ஆளுக்கு அனுப்பிக் கேட்கலாமே என்று என்னிடம் காட்டினார். கேமராவில் என்ன இருக்கிறது? விழுங்கி இருக்கிறான். விளக்கு இல்லை. அம்மா அதற்குள் போகவே இல்லை.

பேருந்து நிறுத்தத்தில் அத்தனை பேர் பார்க்க அம்மா என்னோடு சண்டை போட்டாள். கை வெட்டுவது மாதிரி வந்தது. “எனக்கு மிஷின் வேணும். உனக்கு அவன் வேணும். என் விசாரணைல ஏறி நின்னு உன் பழியைத் தீத்துக்கிட்டே. அவன் பாதியை முழுங்கினான். நீ முழுசையும் முழுங்கிட்டே.”

நான் பதிலுக்குக் கை தூக்கினேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். காது கேளாதவர்கள் கண்ணை மூடிக்கொண்டால் அதற்கு மேல் பேச வழியே இல்லை.

மே 8

பேச்சு இல்லை.

மே 11

இன்னும் இல்லை. விரிப்பு மட்டும் மடிக்கிறாள்.

மே 24, ஞாயிறு

கவுன்சில் அவனை விசாரணை முடியும் வரை நிறுத்தி வைத்துவிட்டது. கேட்டதும் நான் எதிர்பார்த்த மாதிரி துள்ளவில்லை. ஆனாலும் கொஞ்சம் துள்ளினேன், பொய் சொல்ல மாட்டேன்.

இப்போது மாவட்டத்தில் உரிமம் உள்ள வாய் ஒன்றுகூட இல்லை. சங்கத்தில் ஒருத்திக்கு ஆஸ்பத்திரியில் தேதி தள்ளிப்போகிறது. தச்சருக்கு வாடகை வீட்டுத் தகராறு. உரிமம் கேட்காத இடம் என்பதால் என்னைக் கூட்டிப்போனார்.

அவர் வீட்டுக்காரரிடம் காட்டியது: “கூரை ஒழுகுது, மழைக்கு முன்னாடி சரி பண்ணிக் குடுங்க.”

நான் சொன்னது: “கூரை ஒழுகுது. எத்தனை தடவை சொல்றது? மனுஷன் குடியிருக்கிற வீடா இது?”

எனக்கு எங்கிருந்து வந்தது அந்தக் குரல்? கோபம் வந்தால் மட்டும் வாய் வருகிறது. வீட்டுக்காரர் முகம் சிவந்து, அப்படியென்றால் காலி பண்ணட்டும் என்றார். தச்சர் திகைத்துப்போய் என் கையைப் பிடித்தார். “நான் என்ன தப்பாக் கேட்டேன்? ஏன் கத்தறார்?”

எழுதிக் காட்டி, கும்பிட்டு, ஒரு வழியாகச் சமாதானமானது. தச்சர் தெரு முனை வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தார்.

ஜூன் 10

விழுங்கி கடைக்கு வந்தான்.

மழை. குடையைச் சுருக்கி வாசலில் நிறுத்திவிட்டு நின்றான். சித்தி நிமிராமலே கேட்டாள்: “என்ன தைக்கணும்? வாயா?”

அவன் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. என்னிடம் சொன்னான். “உங்கம்மா கை ரொம்ப வேகம். அன்னைக்குப் பாதிக்கு மேல எனக்குப் புரியலம்மா. நான் பரீட்சை எழுதி வருஷக் கணக்காச்சு. அப்புறம் சைகை பேசறவங்க யாரோடயும் பழகறதில்ல. புதுப்பிக்கப் பணம் கட்டினாப் போதும், மறுபடி பரீட்சை கெடையாது. நிறுத்துங்க, புரியலைன்னு அத்தனை பேர் முன்னாடி சொல்ல... கூச்சமா இருந்துச்சு.”

கூச்சமாம்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குள் எதுவோ பற்றிக்கொண்டது. யாருடைய சொல்லை யார் எடுப்பது?

“கூச்சமா இருந்தா வேற வேலைக்குப் போயிருக்கலாமே சார். எனக்கும் கூச்சம்தான். நான் பொத்தான் துளை போடறேன். அதுல யாரு வேலையும் போகாது.”

தெரியாத ஆளிடம் நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். சித்தி தையல் மிஷினை நிறுத்திவிட்டாள். அவன் தலையாட்டினான். “கவுன்சில்ல நானே எழுதிக் குடுத்துட்டேன். புரியாமத்தான் சுருக்கினேன்னு. வெளியூர்ல இருந்து ஒருத்தங்களை அனுப்பச் சொல்லியும் கேட்டிருக்கேன். தேதி சீக்கிரம் வரும்.”

போனபின் சித்தி சொன்னாள்: “பாவமா இருக்குடி.”

எனக்கு இல்லை.

ஜூன் 11

அம்மாவிடம் சொன்னேன், அவன் வந்ததை, சொன்னதை. கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவனுக்குச் சாதகமாக இருந்ததையும் சொன்னேன். கை வரவில்லை, ஆனாலும் சொன்னேன்.

அம்மா பார்த்து முடித்துவிட்டு, “சாப்பிட்டியா?” என்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

ஜூன் 19

பதினெட்டு ஆகிவிட்டது. சித்தி ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாள். பையில் ஏதோ தாள் இருக்கிறதே என்று எடுத்தால், மாலைப் பள்ளியில் பத்தாவது சேரும் விண்ணப்பம்.

“வயசு ஆச்சு. அடுத்தது படிப்புதானே? அந்தம்மா சொன்ன வரிசைப்படி போ.”

எழுந்து போய்விட்டேன். எட்டாவதில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது ஆஸ்பத்திரியில் பேச ஆள் வேண்டும் என்று நின்றவள். சரியான பிறகும் திரும்பிப் போகவில்லை. வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டாமே என்று உள்ளுக்குள் சந்தோஷம். இப்போது சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டுமாம்.

ஆனால் தாளைக் கிழிக்கவில்லை.

ஜூலை 16

வெளியூரிலிருந்து ஒரு பெண் வந்தார். குட்டையாக, வேகமாக நடக்கிறவர். ஆரம்பிப்பதற்கு முன் அம்மாவோடு கொஞ்ச நேரம் சும்மா பேச வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். உன் கை எனக்குப் பழக வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னார். வீடு எங்கே, பேருந்தில் கூட்டமா, இதுதான் பேசினார்கள். அம்மா சிரித்தாள்.

நான் பின் வரிசை. இந்த முறை ஒத்திகைக்கே நான் போகவில்லை. எதிலிருந்து ஆரம்பிப்பது என்று அம்மாவுக்குத் தெரியும்.

விளக்கிலிருந்து ஆரம்பித்தாள்.

அந்தப் பெண் நடுநடுவே நிறுத்தினார். “மொழிபெயர்ப்பாளருக்குப் புரியவில்லை, மறுபடி கேட்கிறேன்,” என்று அதிகாரி அம்மாவிடம் உரக்கச் சொல்லிவிட்டு அம்மாவிடம் கேட்டார். எத்தனையோ முறை. யாரும் சிரிக்கவில்லை. உச்சி வெயில் சாயும் வரை போனது. சுவிட்சைப் போட்டது யார் என்ற இடம் வந்ததும் மேற்பார்வையாளர் தண்ணீர் கேட்டார். அதிகாரி அம்மா அவரை விடாமல் கேட்டார்: “இவங்க மிஷினை நிறுத்தினாங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.” அவர் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு “நிறுத்தினாங்க” என்றார்.

இதைத்தான் நான் முதலில் செய்திருக்க வேண்டும். இவர் மேல்தான் என் கண் இருந்திருக்க வேண்டும். வேலையைப் பறித்தவன் இங்கே காலாட்டிக்கொண்டிருந்தான். நான் வாயைத் துரத்திக்கொண்டு போனேன்.

ஆகஸ்ட் 6

தீர்ப்பு ரத்து. விளக்கில்லாமல் ஓட வைத்தது நிர்வாகத்தின் குற்றம். மேற்பார்வையாளரை மாற்றியாகிவிட்டது.

அம்மா என்னைத் தூக்கிச் சுற்றினாள். நான் அவளைவிட உயரம். இருவரும் சுவரில் இடித்துக்கொண்டோம்.

ஆகஸ்ட் 10

அம்மா வேலைக்குப் போனாள். விரல் போன பெண்ணும் திரும்பியிருக்கிறாளாம், வேறு பிரிவில். மதியம் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாளாம். பக்கத்தில் உட்கார்ந்தாள், அதுவே போதும் என்கிறாள் அம்மா.

ஆகஸ்ட் 31

மாலைப் பள்ளி. பக்கத்து பெஞ்சில் ஒரு பேருந்து ஓட்டுநர், வயது ஐம்பது இருக்கும். எழுந்து வாசிக்கச் சொன்னதும் எனக்கு முன்னால் அவர் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். நானும் வாசித்தேன். கேட்கவில்லை, சத்தமாக என்றார் வாத்தியார். சத்தமாக வாசித்தேன்.

செப்டம்பர் 20, ஞாயிறு

விழுங்கி விஷயத்தில் கவுன்சில் முடிவு சொல்லிவிட்டது. உரிமத்தைப் பறிக்கவில்லை, செய்முறைப் பரீட்சையை மறுபடி தேற வேண்டும், அதற்கு முன் வாரா வாரம் சங்கத்தில் வந்து பழக வேண்டும். அதனால் இன்று மதியம் வந்தார். வாசலிலேயே நின்றார். உள்ளே எல்லாக் கையும் நின்றுபோனது. யாரோ அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கிள்ளி, வாயில் போட்டு, விழுங்கி. அவர் ஆமாம், நான்தான் என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

யாரும் நாற்காலி தரவில்லை. அம்மா ஒன்றை இழுத்து என் எதிரில் போட்டாள். என்னைப் பார்த்தாள். “நீ பேசு இவரோட. உனக்குத்தான் நெறைய சொல்லணும்ல?”

சொன்னேன். மார்ச் மாதம் அந்த நாற்காலியில் அம்மா சொன்னதை, முதல் நாள் கையைப் பிடித்து இழுத்துப்போனதிலிருந்து. என்னால் எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக. வேண்டுமென்றேதான்.

“புரியல,” என்றார். “மறுபடி.”

மறுபடி சொன்னேன். அதே வேகம்.

“புரியல. மறுபடி.”

பக்கத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. மீசைக்குச் சிரிப்பு. எதிரில் இருந்தவர் காதெல்லாம் சிவந்து, நெற்றி வியர்த்து, ஆனால் கண் என் கையை விட்டு நகரவில்லை. மறுபடி. மறுபடி. இதை அன்றைக்கே ஒரு தடவை கேட்டிருந்தால்! நானும் விடவில்லை. என் கை வலிக்க ஆரம்பித்தது. இன்னும் எத்தனை தடவை வேண்டுமானாலும் இப்படியே செய்யலாம் என்றுதான் இருந்தது.

“புரியல. மறுபடி.”

மேற்பார்வையாளர் சுவிட்சைப் போட்ட இடத்தில் மட்டும் கொஞ்சம் மெதுவாகச் செய்தேன்.